ஜாடியில் இரண்டு கோடுகள்

நவம்பர் 6, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாகத் திருப்பவும் மாட்டேன். இப்படிக்கு லியோனி, ஒன்பதாம் வகுப்பு, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

இன்று ரம் போட்டோம். கல்லறைத் திருநாளுக்கு அடுத்து வரும் ஞாயிறு எங்கள் வீட்டில் ரம் போடும் நாள். கடையில் வாங்கிய ரம்மைப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மசாலாவும் பழமும் ஊறப்போட்டு, கிறிஸ்துமஸ் வரை மூடி வைப்பார் அம்மா. கிறிஸ்துமஸ் சாயங்காலம் வாழைப்பழத்தை வெண்ணெயிலும் வெல்லத்திலும் வதக்கி, அதன் மேல் இந்த ரம்மை ஒரு கரண்டி சூடாக்கி ஊற்றுவோம். விளக்கை அணைத்துவிட்டு அப்பா தீக்குச்சி கிழிப்பார். பழத்தின் மேல் நீலமாக நெருப்பு ஓடும். எங்கள் வீட்டில் அதற்கு நெருப்புப் பழம் என்று பெயர். மீதி ரம் சின்னச் சின்ன பாட்டில்களில் சொந்தக்காரர்களுக்குப் போய்விடும்.

இந்த வருஷம் போட வேண்டாம் என்றுதான் அம்மா இருந்தார். காரணத்தையும் எழுத வேண்டும். மார்ச் மாதம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் எனக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாக அகராதி கிடைத்தது. அப்பா குடித்துவிட்டு வந்திருந்தார். எல்லாரும் கைதட்டி முடித்த பிறகும் அவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நிற்கப் பார்த்து இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே விழுந்தார். அன்றைக்கு வீட்டில் அம்மா சொன்னது: "இன்னொரு தடவ தொட்டா நானும் லியோனியும் காரைக்காலுக்குக் கிளம்பிடுவோம். எந்தம்பி வீட்ல எடமிருக்கு." அதன் பிறகு அப்பா தொடவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

"எனக்காக நீ எதுக்கு நிறுத்தணும்?" என்று அப்பாதான் சொன்னார். "ஜாடி பாட்டுக்கு இருக்கட்டும். நான் பாட்டுக்கு இருக்கேன்."

மாடி வீட்டு ரொசாலி ஆன்ட்டிதான் நான்கு பாட்டில் ரம் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார். "கடக்காரன் என்னையே பாக்கறான், பிலோ. கேக்குக்குப்பான்னேன். எத்தன கேக்கும்மான்னு கேக்கறான்!"

அம்மா போட்டவை: பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, ஒரு துண்டு ஜாதிக்காய், வெள்ளைப் பகுதி சீவிய ஆரஞ்சுத் தோல், ரெயூனியோன் தீவிலிருந்து அத்தை அனுப்பிய ஒரு வெனிலாக் காய், கருக்கிய சர்க்கரைப் பாகு. பாகைத் தவிர மற்றவற்றை வகைவகையாகச் சின்னச் சின்ன மல் துணிப் பைகளில் கட்டினார். பிறகு ஒரு பெரிய பையில் அத்திப்பழம், பேரீச்சை, திராட்சை. வெளிச்சம் படக்கூடாது என்று ஜாடியைச் சுற்றிப் பழைய போர்வையைக் கட்டினார். தினம் ஒரு தடவை ஜாடியைக் குலுக்குவது என் வேலை.

போர்வையின் இரண்டு ஓரமும் சேரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடி தெரிகிறது. அங்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, ரம் நிற்கும் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அறிவியல் ஆர்வத்தால்.

இல்லை. அப்பாவுக்காகத்தான் போட்டேன்.

நவம்பர் 8

குலுக்கினேன். கோடு சரி.

நவம்பர் 9

குலுக்கினேன். கோடு சரி. அப்பா வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கிறது. சட்டைப்பையில் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறார். கிராம்பு எந்த வாசனையையும் மறைத்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

நவம்பர் 12, சனி

மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் ரம் கோட்டுக்குக் கீழே நிற்கிறது! அதிகம் இல்லை, ஒரு நெல் அளவு. ஜாடியை நேராக்கி வைத்து மூன்று தடவை பார்த்தேன்.

இன்று வீட்டில் நடந்தவை. அப்பா பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்து ஒன்றரைக்குக் கடைக்குத் திரும்பியிருக்கிறார். (அப்பாவுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கண்ணாடி வெட்டுவது, மரச்சட்டம் இழைப்பது, மூலை சேர்ப்பது எல்லாம் அவரே.) அம்மா துணி துவைத்திருக்கிறார். கொடியில் என் சீருடைக்குப் பக்கத்தில் இரண்டு மல் துணிப் பைகள் காய்கின்றன. சீருடையிலும் கிராம்பு வாசனை ஏறிவிட்டது. சாயங்காலம் ரொசாலி ஆன்ட்டி வந்து நிறையச் சிரித்துவிட்டுப் போனார்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 15

ஒரு நாள் அளவை வைத்து முடிவுக்கு வருவது தவறு. தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 20, ஞாயிறு

இன்று அரை விரல் இறங்கியிருக்கிறது.

பூசை முடிந்து நான் நூலகத்துக்குப் போனேன். திரும்பி வரும்போது அம்மா அடுப்படியில் ஆரஞ்சுத் தோல் மிட்டாய் செய்துகொண்டிருந்தார். ஒன்று தின்றேன். இனிப்புக்குப் பின்னால் இருமல் மருந்து மாதிரி ஒரு காரம். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜாடி இருக்கும் அலமாரி அவர் நாற்காலிக்கு நேர் பின்னால். கையை நீட்டினால் எட்டும்.

"என்ன லியோ, போலீஸ்காரம்மா மாதிரி பாக்கற?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு இப்படி?"

சாயங்காலம் அம்மா ரொசாலி ஆன்ட்டி வீட்டுக்குப் போனபோது பால் ஊற்றாமல் கெட்டியாகத் தேநீர் போட்டேன். ஆறவைத்தேன்.

நவம்பர் 21

கோடு சரி.

நவம்பர் 27, ஞாயிறு

மறுபடி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அப்பா இந்த வாரம் இரண்டு நாள் கடையிலிருந்து தாமதமாக வந்தார். ஆர்டர் அதிகமாம். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் புதுச் சட்டம் போடுகிறார்களாம். அது உண்மையாகவும் இருக்கலாம்.

நவம்பர் 28

கோடு சரி. வீட்டில் தேயிலை தீர்ந்துவிட்டதே என்று அம்மா ஆச்சரியப்பட்டார்.

டிசம்பர் 1, வியாழன்

அறிவியல் தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது. வகுப்பிலேயே அதிகம். நீரில் மூழ்கிய பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரை இடம்பெயரச் செய்கிறது, அதை வெளியே எடுத்தால் நீர்மட்டம் இறங்குகிறது என்பதைப் படத்தோடு எழுதியிருந்தேன். படம் தெளிவு என்று டீச்சர் பக்கத்தில் எழுதியிருக்கிறார். விடைத்தாளை அப்பா சட்டம் போட்டு மாட்டுகிறேன் என்கிறார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

மூன்று விரல்! முழுதாக மூன்று விரல்!

நிதானமாக எழுதுகிறேன். காலைப் பூசைக்கு முன் ஜாடியைக் குலுக்கினேன். சரியாக இருந்தது. பூசைக்குப் பிறகு பாடகர் குழுப் பயிற்சிக்குப் போனேன். வர மதியம் ஒன்று. அதற்குள் மூன்று விரல் இறங்கிவிட்டது. அம்மா மேசை மேல் கேக்குக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். அத்திப்பழம் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி பருத்து, கறுத்து, பளபளவென்றிருந்தது. வீடு முழுவதும் ரம் வாசனை. இந்த வாசனையில் அப்பா மூச்சிலிருந்து தனியாக எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் திட்டம் போட்டு இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருப்பாரோ?

அப்பா கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்குவதே இல்லை.

காரைக்காலில் மாமா வீடு மிகவும் சின்னது. அங்கே நூலகம் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. அப்பா இங்கே தனியாக என்ன சாப்பிடுவார் என்றும் தெரியவில்லை.

அம்மா பார்ப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும்.

டிசம்பர் 5

கோடு சரி.

டிசம்பர் 11, ஞாயிறு

ரொசாலி ஆன்ட்டி மதியம் வந்தார். அம்மா நீளமான கரண்டியால் ரம்மை மொண்டு அவருக்கு ருசி பார்க்கக் கொடுத்தார். இது வாராவாரம் நடப்பதாம். நான் வெளியே போகும் நேரமாகப் பார்த்து நடந்திருக்கிறது. இன்று தலைவலி என்று நான் வீட்டிலேயே இருந்ததால் கண்ணில் பட்டது.

ஆன்ட்டி வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "பிலோ, கோச்சிக்காத. போன மாசம் ஜோரா இருந்துச்சு. இப்ப கசாயத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கு."

"கிராம்பு ஏறியிருக்கும்."

"கிராம்புதான் நீ அப்பவே எடுத்துட்டியே? இன்னொரு கரண்டி குடு, நல்லா பாத்துச் சொல்றேன்."

அம்மா சிரிக்கவில்லை. தானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி ஜாடியின் பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே என்ன இருக்கிறது?

டிசம்பர் 12

பின்பக்கம் அம்மாவின் நகப்பாலிஷால் சின்னச் சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. அது என் கோட்டுக்கு மூன்று விரல் கீழே இருக்கிறது. ஏன் என்று புரியவில்லை.

அம்மாவும் அப்பாவைக் கவனிக்கிறார் என்பது மட்டும் புரிகிறது.

டிசம்பர் 14

"இன்னிக்குக் கடைய எத்தன மணிக்கு மூடினீங்க?" என்று அம்மா கேட்டார்.

"ஏழரைக்கு."

"இப்ப எட்டே கால்."

"கண்ணாடி டெலிவரி இருந்துச்சு, பிலோ. நின்னு எண்ணி வாங்கணும்."

அம்மா தட்டை வைத்த சத்தம் சாதாரணமாகத் தட்டு வைக்கும் சத்தம் இல்லை.

டிசம்பர் 18, ஞாயிறு

அம்மா பட்டப்பகலில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். (இதையும் எழுதுவது என் கடமை.) ஒரு கரண்டி ரம்மை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனார். பிடிக்கவில்லை. இரண்டாவது குச்சியிலும் பிடிக்கவில்லை. மூன்றாவதை ரம்முக்குள்ளேயே விட்டார். உஸ் என்று அணைந்தது.

அம்மா கரண்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு நேராக ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் நீலப் பெட்டியை இறக்கினார்.

டிசம்பர் 20

அம்மா போனில் மாமாவிடம்: "இருபத்தாறாந்தேதி காலைல. பண்டிகைய கெடுக்க வேண்டாம்னு பாக்கறேன்." நான் என் அகராதியைப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டேன். "வையி" என்றார்.

டிசம்பர் 22, வியாழன்

இன்று பெட்டியை அப்பா பார்த்துவிட்டார்.

"நான் தொடல, பிலோ."

"அப்ப ஜாடி தானா நெறயுதா?"

"எனக்கென்ன தெரியும்?"

"மசாலாப் பைய எடுத்தா கொறையணும். தோல எடுத்தா கொறையணும். அன்னிக்கு அரைக் கிலோ பழத்த வெளிய எடுத்தேன், மூணு வெரல் எறங்குச்சு. எறங்கின எடத்துல பின்னால கோடு போட்டு வெச்சேன். அடுத்த வாரம் பாக்கறேன், பழய எடத்துல நிக்குது. ஒரு துளி குடிக்காத ஆளு எதுக்குங்க அதுல தண்ணிய ஊத்தி நெரப்பணும்?"

அப்பா வாயைத் திறந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். "எனக்குத் தெரியல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

பழத்தை வெளியே எடுத்தேன் என்றார் அம்மா.

படம் தெளிவு என்று டீச்சர் எழுதியிருந்தார்.

டிசம்பர் 23

இந்த நோட்டில் நான் விட்டுவிட்டவை:

நவம்பர் 20, ஒரு டம்ளர். நவம்பர் 27, அரை டம்ளர். டிசம்பர் 4, ஒரு பெரிய சொம்பு. எல்லாம் கெட்டித் தேநீர். நிறம் சரியாக வரும் வரை வெல்லம் போட்டுக் காய்ச்சினேன். அப்பா குடித்ததை அம்மா கண்டுபிடித்துவிடக் கூடாது என்று செய்தேன். அப்பா குடிக்கவே இல்லை. அம்மா பைகளை எடுக்க எடுக்க ரம் தானாக இறங்கியிருக்கிறது. நான் ஊற்ற ஊற்ற அப்பா திருடனாகியிருக்கிறார்.

முதல் பக்கத்தில் எழுதியதை இப்போதுதான் மறுபடி படித்தேன்.

சொன்னால் அம்மா பெட்டியைத் திறந்துவிடுவார். ஆனால் நான் என்ன நினைத்தேன் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். காரைக்கால் மாமா வீட்டில் என் அறையில் ஜன்னல் உண்டாம்.

டிசம்பர் 24, சனி

காலையிலேயே கடைக்குப் போனேன். அப்பா கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டும்போது பேசக்கூடாது என்பது அந்தக் கடையில் சட்டம். அவர் கோடு இழுத்து முடித்து, ஓரத்தில் மெதுவாகத் தட்டி, கண்ணாடி இரண்டாகப் பிரியும் வரை காத்திருந்தேன்.

"அப்பா, ஜாடியில டீ ஊத்தினது நான்தான்."

"தெரியும்."

நான் எதிர்பார்த்த எந்தப் பதிலும் இது இல்லை.

"முந்தாநேத்து அம்மா சொன்னப்பதான் புரிஞ்சுது" என்றார். "ஆனா ஒங்கோட்ட மொத வாரமே பாத்துட்டேன். சாய்வா இருந்துச்சு. எங்கண்ணுல அது படாம இருக்குமா? அம்மாவோடது பின்னாடி. அது நேரா இருந்துச்சு."

"அப்ப ஏம்ப்பா ஒண்ணுமே சொல்லல?"

"என்ன சொல்றது? கோடு போட வெச்சவன் நான்தான." கண்ணாடித் தூளைத் துணியால் ஒதுக்கினார். "அந்த நாற்காலில உக்காருறப்பல்லாம் கை பின்னால போகும், லியோ. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு கோடு இருக்கேன்னு கைய எடுத்துப்பேன்."

நான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

"நான் குடிச்சேன்னு நெனச்சுத்தான ஊத்தின?"

"ஆமாம்ப்பா."

வெட்டிய கண்ணாடியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். அது சரியாகத்தான் நின்றது, இருந்தாலும் மறுபடி எடுத்துச் சாய்த்தார். "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொன்னேன். அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ரொசாலி ஆன்ட்டி இருந்தார். "அதான பாத்தேன்! டீக்கடை ரம்மு! ஏண்டி, ஊத்தினதுதான் ஊத்தின, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டிருக்கக் கூடாதா?"

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் விரல் நகத்தில் இருந்த பாலிஷைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

மதியம் அப்பா சாப்பிட வந்தபோது அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "என்னங்க, இந்தப் பெட்டிய கொஞ்சம் மேல போடுங்க. எனக்கு எட்டல."

இறக்கும்போது எட்டியது. அப்பா எதுவும் கேட்காமல் தூக்கி மேலே வைத்தார். அகராதி உள்ளேயே இருக்கிறது. பரவாயில்லை.

டிசம்பர் 25, ஞாயிறு. கிறிஸ்துமஸ்

காலைப் பூசை, பிரியாணி, கேக். கேக்கில் அந்த அத்திப்பழங்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாழைப்பழம் வதங்கியது. ரொசாலி ஆன்ட்டியும் வந்திருந்தார். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு ஜாடியைப் பார்த்தார். அந்த ரம் பிடிக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"நெருப்பில்லாம என்ன நெருப்புப் பழம்?" என்றார் ஆன்ட்டி.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "என்னங்க, நீங்க போயி ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வாங்க."

அப்பா, "நானா?" என்றார்.

"பின்ன? ரொசாலி போனா எத்தன கேக்குன்னு கேப்பானுங்க."

"நான் வேணா..." என்று ஆன்ட்டி எழுந்தார்.

"நீ உக்காரு" என்றார் அம்மா.

அப்பா சட்டை மாற்றிக்கொண்டு போனார். ரம் விற்கும் கடை இரண்டாவது தெருவில் இருக்கிறது. சைக்கிளில் போய்வரப் பத்து நிமிடம் ஆகும். நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை இருபது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாவது தடவை நாற்பது. அம்மா அடுப்பைக் குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார். ஆன்ட்டி ஏதோ சிரிப்புக் கதை ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா வியர்த்துப் போயிருந்தார். "பண்டிக கூட்டம். வரிச தெருமுனை வரைக்கும் நிக்குது. அதுல சைக்கிள் வேற பஞ்சர்." அவரிடம் கிராம்பு வாசனை வந்தது. கையில் காகிதம் சுற்றிய பாட்டில்.

அம்மா வாங்கினார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். பிரிக்காமல் அப்படியே அப்பாவிடம் திருப்பி நீட்டினார். "நீங்களே தொறங்க. நீங்கதான கொளுத்தணும்."

புதுப் பாட்டிலின் மூடியை முதல் தடவை திருகும்போது நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு தடவை திறந்துவிட்ட பாட்டிலில் அது கேட்காது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மூடி நன்றாகத் தெரிந்திருக்கும். அது எப்படி இருந்தது என்று இந்த நோட்டில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. இது உண்மை.

"லியோ, லைட்டு" என்றார் அப்பா.

அவர் மூடியில் கை வைக்கும் முன்பே நான் எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் போய், சுவிட்சில் கை வைத்திருந்தேன். அணைத்தேன்.